உங்களுக்குத் தெரியுமா? காலம் தாண்டி மோதும் மிடில்வெயிட் வீரர்கள்

ராபின்சனும் ஹாக்லரும் மோதியிருந்தால் யார் ஜெயித்திருப்பார்? குத்துச்சண்டை ரசிகர்கள் இரண்டு பேர் சேர்ந்துவிட்டால் இந்தக் கேள்வி எப்படியும் வந்துவிடும். சுகர் ரே ராபின்சன் 1965-ல் கையுறையைக் கழற்றினார். மார்வின் ஹாக்லர் 1973-ல்தான் தொழில்முறைக் களத்துக்கே வந்தார். நடக்கவே முடியாத சண்டை. ஆனாலும் வாதம் ஓயாது, ஓயவும் வேண்டாம். ஆனால் வாதத்தைத் தொடங்கும் முன் இரண்டு விஷயங்களைப் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும்: எந்த ஆண்டின் வீரர்? எந்த ஆண்டின் விதி? இவற்றைச் சொல்லாமல் சொல்லப்படும் விடை வெறும் அபிமானம். கீழே வரும் துணுக்குகளை இந்த இரண்டு கேள்விகளையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

★ கற்பனைச் சண்டைகளைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்துப் பார்த்தவர் உண்டு. மயாமியைச் சேர்ந்த வானொலித் தயாரிப்பாளர் மரே வொரோனர், 1967-ல் எல்லாக் காலத்து ஹெவிவெயிட் சாம்பியன்களின் விவரங்களையும் கம்ப்யூட்டரில் ஏற்றி ஒரு போட்டித் தொடரே நடத்தினார். முடிவுகள் வானொலியில் நேர்முக வர்ணனைபோல ஒலிபரப்பாயின. ராக்கி மார்சியானோ சாம்பியன் ஆனார். ஜிம் ஜெஃப்ரிஸிடம் தோற்றதாக அறிவிக்கப்பட்ட முகமது அலி கோபத்தில் வழக்கே போட்டார். அந்தச் சச்சரவின் தொடர்ச்சியாக, அலியும் மார்சியானோவும் 1969-ல் கேமரா முன்னால் நிஜமாகவே வளையத்தில் இறங்கி நடித்தார்கள். படம் 1970 ஜனவரியில் வெளியானது. அதைப் பார்க்க மார்சியானோ உயிரோடு இல்லை. முந்தைய ஆகஸ்டில் விமான விபத்தில் இறந்துபோனார்.

★ மிடில்வெயிட் என்றால் இன்று 160 பவுண்டு, அதாவது 72.57 கிலோ வரை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வரம்பு 158 பவுண்டு. ஒலிம்பிக் கணக்கு வேறு. 2008-ல் பெய்ஜிங்கில் நம் விஜேந்தர் சிங் வெண்கலம் வென்ற மிடில்வெயிட் பிரிவின் வரம்பு 75 கிலோ. அதற்கு முந்தைய 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அதே பிரிவில் வெள்ளி வென்றவர்தான், பிற்பாடு தொழில்முறை மிடில்வெயிட்டை ஆட்டிப்படைத்த கஜகஸ்தான் வீரர் ஜெனாடி கோலோவ்கின்.

★ ஒரு காலத்தில் மொத்தம் எட்டே எடைப்பிரிவுகள். இன்று 17. இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 147 பவுண்டு வெல்டர்வெயிட்டுக்கும் 160-க்கும் நடுவே 154 என்ற படி 1962-ல்தான் வந்தது. 160-க்கும் 175-க்கும் நடுவே 168 என்ற படி 1980-களில் வந்தது. அதற்கு முன்பு வெல்டர்வெயிட் சாம்பியன் ஒருவர் மேலே போக நினைத்தால் ஒரே தாண்டலில் 13 பவுண்டு தாண்ட வேண்டும். ராபின்சன் அப்படித் தாண்டி வந்தவர்.

★ எடை பார்ப்பது எப்போது? பழைய நாட்களில் சண்டை நடக்கும் அன்றே. காலையில் தராசில் நின்றவர் இரவில் ஏறக்குறைய அதே உடம்போடு வளையத்துக்குள் வருவார். 1980-கள் தொட்டு முந்தைய நாளே எடை பார்க்கும் வழக்கம் வந்துவிட்டது. உடம்பில் உள்ள நீரை வற்றவைத்து 160 காட்டிவிட்டு, மறுநாள் இரவுக்குள் பத்துப் பவுண்டுக்கு மேல் ஏற்றிக்கொண்டு வரலாம். ஆகவே "இருவரும் 160 தானே" என்று 1950-களின் வீரரையும் இன்றைய வீரரையும் சமமாக நிறுத்துவது கணக்கில் மட்டும்தான் சமம்.

★ அந்தப் பத்துப் பவுண்டு பயப்படத்தக்கதுதானா? 1943 பிப்ரவரி 5, டெட்ராய்ட். 144½ பவுண்டு ராபின்சன், 160½ பவுண்டு ஜேக் லமோட்டாவை எதிர்கொண்டார். எட்டாவது சுற்றில் லமோட்டா அவரைக் கயிறுகளுக்கு வெளியே தள்ளிச் சாய்த்தார். தொழில்முறையில் ராபின்சனின் முதல் தோல்வி அது. சரி, பிறகு? பிப்ரவரி 19-ல் இன்னொருவரை வென்றார். பிப்ரவரி 26-ல் அதே டெட்ராய்ட்டில் அதே லமோட்டாவோடு மறுபடி மோதி ஜெயித்தார். 21 நாளில் மூன்று சண்டைகள், அதில் இரண்டு லமோட்டாவோடு. இன்றைய சாம்பியன்கள் ஆண்டுக்கு இரண்டு முறை களம் காண்பதே பெரிய விஷயம். ராபின்சனை "எடைக்கு எடை" உலகின் தலைசிறந்த வீரர் என்று ஏன் சொன்னார்கள் என்பதற்கு வேறு விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை.

★ இருவரும் மொத்தம் ஆறு முறை மோதினார்கள். ஐந்தில் ராபின்சன் வெற்றி. ஆறாவதுதான் 1951 பிப்ரவரி 14, சிகாகோ. வெல்டர்வெயிட் சாம்பியனான ராபின்சன் 155½ பவுண்டில் வந்தார், மிடில்வெயிட் சாம்பியன் லமோட்டா 160-ல். கடைசிக் கட்டத்தில் லமோட்டா கயிற்றில் சாய்ந்து நின்று அடி வாங்கிக்கொண்டே இருந்தார், விழவே இல்லை. 13-வது சுற்றில் நடுவர் நிறுத்தினார். அன்று ராபின்சன் வாங்கியது முதல் மிடில்வெயிட் பட்டம். 1958-க்குள் அதை ஐந்து முறை வென்றுவிட்டார்.

★ அதே ராபின்சன்தான் ஐந்தே மாதத்தில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட்டில் ராண்டி டர்ப்பின் என்ற 23 வயது இளைஞரிடம் பட்டத்தைப் பறிகொடுத்தார். ஜூலை 10-ல் தோல்வி, செப்டம்பர் 12-ல் நியூயார்க்கில் பத்தாவது சுற்றில் பழிக்குப் பழி. டர்ப்பின் சாம்பியனாக இருந்தது 64 நாள். கற்பனைச் சண்டையில் "ராபின்சன்" என்று பெயர் மட்டும் எழுதினால் போதாது, தேதியும் எழுத வேண்டும். பிப்ரவரி ராபின்சனா, ஜூலை ராபின்சனா?

★ தோற்காமல் தோற்ற சண்டை ஒன்று இருக்கிறது. 1952 ஜூன் 25, யாங்கி ஸ்டேடியம். ராபின்சன் 175 பவுண்டு லைட் ஹெவிவெயிட் சாம்பியன் ஜோயி மாக்சிமை எதிர்த்தார். இடைப்பட்ட 168 பிரிவு அப்போது இல்லை என்பதை நினைவில் வையுங்கள். விளக்குகளுக்குக் கீழே வெப்பம் 40 டிகிரி செல்சியஸ் அளவுக்குப் போய்விட்டது. நடுவர் ரூபி கோல்ட்ஸ்டீனால் பத்தாவது சுற்றுக்குமேல் நிற்க முடியவில்லை, வேறு நடுவர் ஏறினார். நடுவர்களின் மூன்று அட்டைகளிலும் ராபின்சன் வெகு தூரம் முன்னே. 13-வது சுற்று முடிந்து நாற்காலியில் உட்கார்ந்தவரால் 14-வதுக்கு எழுந்திருக்க முடியவில்லை. அவருடைய நீண்ட வாழ்க்கையில் அவரை நிறுத்திப் பெற்ற வெற்றி இது ஒன்றுதான், அதுவும் மாக்சிமின் குத்தால் வந்ததில்லை. இன்றைய 12 சுற்று விதி அன்று இருந்திருந்தால் ராபின்சன் மூன்று எடைப்பிரிவுகளில் சாம்பியன். வீரர் மாறவில்லை, எதிரி மாறவில்லை, வெப்பம்கூட மாறவில்லை. சுற்று எண்ணிக்கை ஒன்றை மாற்றினாலே வரலாறு மாறிவிடுகிறது.

★ 15 சுற்று ஏன் 12 ஆனது? 1982 நவம்பர் 13-ல் லாஸ் வேகாஸில் ரே மான்சினியோடு 14-வது சுற்றுவரை போராடிய தென்கொரிய லைட்வெயிட் வீரர் கிம் டுக்-கூ மயங்கி விழுந்து, சில நாளில் உயிரிழந்தார். அடுத்த ஆண்டே டபிள்யூ.பி.சி. அமைப்பு பட்டச் சண்டைகளை 12 சுற்றாகக் குறைத்தது. மற்ற அமைப்புகளும் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பின்தொடர்ந்தன. உயிர் காக்கச் செய்த மாற்றம், அதைக் குறை சொல்ல மனம் வராது. ஆனால் கற்பனைச் சண்டை நடத்துகிறவர்கள் இதைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும்.

★ 1983 நவம்பர் 10. ஹாக்லர் – ராபர்டோ டுரான், 15 சுற்று. 13-வது சுற்று முடிந்தபோது இரண்டு அட்டைகளில் டுரான் ஒரு புள்ளி முன்னே, மூன்றாவதில் சமம். லைட்வெயிட்டில் சாம்பியனாக இருந்த பனாமாக்காரர் மிடில்வெயிட் மன்னரையே கவிழ்க்கப்போகிறார் என்ற நிலை. கடைசி இரண்டு சுற்றுகளையும் ஹாக்லர் அடித்து எடுத்தார், பட்டம் தப்பியது. 14, 15 என்ற சுற்றுகள் ஹாக்லருக்காகவே செய்தவை என்று எனக்குத் தோன்றும்.

★ 1985 ஏப்ரல் 15-ல் ஹாக்லரும் தாமஸ் ஹெர்ன்ஸும் மோதியது மொத்தம் எட்டு நிமிடம் ஒரு விநாடி. அதற்குமேல் அதைப் பற்றி எழுதுவதைவிடப் பார்ப்பது மேல்.

★ 1987 ஏப்ரல் 6-ல் ஹாக்லரைச் சந்திக்க சுகர் ரே லெனார்ட் ஒப்புக்கொண்டபோது அவர் தரப்பு வாங்கிய சலுகைகளைப் பாருங்கள்: 15-க்குப் பதில் 12 சுற்று. 8 அவுன்ஸுக்குப் பதில் 10 அவுன்ஸ் கையுறை. கால் ஓட்டத்துக்கு வசதியாக 20 அடி வளையம். ஹாக்லருக்குக் கூடுதல் பணம் கிடைத்தது, லெனார்டுக்கு விதிகள் கிடைத்தன. போதாக்குறைக்கு, இடதுகைப் பாணியில் உலகையே மிரட்டிய ஹாக்லர் அன்று தொடக்கச் சுற்றுகளை வலதுகைப் பாணியில் ஆடித் தானாகவே விட்டுக்கொடுத்தார். பிளவுத் தீர்ப்பில் லெனார்ட் வெற்றி. ஹாக்லர் அதன்பின் வளையம் ஏறவே இல்லை. இத்தாலிக்குப் போய் சினிமாவில் நடித்தார்.

★ இப்போது ஓர் ஆச்சரியம். அந்தச் சண்டையில் ஒரு நடுவரின் அட்டை லெனார்டுக்கு 118–110 என்று இருந்தது, ஊரே கொதித்தது. 30 ஆண்டு கழித்து, 2017 செப்டம்பர் 16-ல் அதே லாஸ் வேகாஸில் கோலோவ்கினும் கனெலோ அல்வாரெஸும் மோதினார்கள். அங்கும் ஓர் அட்டை கனெலோவுக்கு 118–110! முடிவு சமன் என்று அறிவிக்கப்பட்டது, மறுபடி ஊர் கொதித்தது. இரண்டு சண்டைகளிலும் வளையத்தோரம் உட்கார்ந்து புள்ளி போட்ட ஒருவர் இருக்கிறார்: டேவ் மொரெட்டி. 1987-ல் லெனார்டுக்கு 115–113, 2017-ல் கோலோவ்கினுக்கு 115–113.

★ புள்ளி போடும் முறையும் ஒன்றல்ல. இன்று ஒவ்வொரு சுற்றிலும் வென்றவருக்கு 10, தோற்றவருக்கு 9, ஒரு முறை விழுந்திருந்தால் பொதுவாக 8. ராபின்சன் காலத்து நியூயார்க்கில் சுற்றுக் கணக்குதான். சுற்று முழுக்க அடித்து நொறுக்கினாலும் ஒன்று, மயிரிழையில் முந்தினாலும் ஒன்று.

★ இன்று ஒருவர் விழுந்தால் அடித்தவர் தூரத்து மூலைக்குப் போக வேண்டும். 1920-கள்வரை இதில் கண்டிப்பு இல்லை. எழுந்திருக்க முயல்பவரின் தலைமேலேயே நின்றுகொண்டு, முழங்கால் தரையை விட்டதும் மறுபடி அடிக்கலாம். கோலோவ்கின் போன்ற ஓயாத குத்துக்காரருக்கு அந்த விதி கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் வயிறு கலங்குகிறது.

★ அந்தப் பழைய விதிகளில் வளர்ந்த மிடில்வெயிட் ஸ்டான்லி கெட்ச்சல், மிச்சிகன்காரர். 1909 அக்டோபர் 16-ல், கலிபோர்னியாவின் கோல்மாவில், உலக ஹெவிவெயிட் சாம்பியன் ஜாக் ஜான்சனையே எதிர்த்தார். எடை வித்தியாசம் சுமார் 35 பவுண்டு. 12-வது சுற்றில் கெட்ச்சலின் வலது கை ஜான்சனை உட்காரவைத்தது. ஜான்சன் எழுந்தார், ஒரே பாய்ச்சல், கெட்ச்சல் நினைவிழந்து கிடந்தார். இதன் படச்சுருள் இன்றும் இருக்கிறது. அடுத்த ஆண்டு அக்டோபரில் மிசௌரியில் ஒரு பண்ணை வீட்டில் கெட்ச்சல் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 24.

★ 'தி ரிங்' பத்திரிகையை 1922-ல் தொடங்கிய நாட் ஃப்ளைஷர், 1958-ல் எல்லாக் காலத்து மிடில்வெயிட் தரவரிசையை வெளியிட்டார். முதலிடம் கெட்ச்சல், இரண்டாவது டாமி ரயன், மூன்றாவது ஹாரி கிரெப். ஐந்து முறை பட்டம் வென்ற ராபின்சன் இவர்களுக்கெல்லாம் கீழே! ஃப்ளைஷர் பெரிய அறிஞர், சந்தேகமில்லை. ஆனால் இளமையில் பார்த்த வீரர்களிடம் மனதைக் கொடுத்தவர் போட்ட பட்டியல் அது. இன்று நாம் போடும் பட்டியல்களிலும் அதே காதல் ஒளிந்திருக்கும்.

★ ஹாரி கிரெப் பற்றிப் பேசாமல் இந்தப் பத்தியை நகர்த்த முடியாது. பிட்ஸ்பர்க்காரர். சுமார் 300 சண்டைகள். 1919-ஆம் ஆண்டில் மட்டும் 45 முறை வளையம் ஏறினார். கோலோவ்கினின் தொழில்முறைச் சண்டைகள் மொத்தமே 45! 1922 மே 23-ல், தன்னைவிட சுமார் 12 பவுண்டு கனமான ஜீன் டன்னியை 15 சுற்றும் துவைத்தெடுத்து அமெரிக்க லைட் ஹெவிவெயிட் பட்டத்தைப் பறித்தார். பின்னாளில் ஜாக் டெம்ப்சியையே இரண்டு முறை வென்ற டன்னி, தன் வாழ்நாளில் கண்ட ஒரே தோல்வி அது. இன்னொன்று: கிரெப் கடைசி ஆண்டுகளில் ஒரு கண்ணில் பார்வை இல்லாமலே சண்டையிட்டார், மிடில்வெயிட் பட்டத்தையும் அப்படித்தான் வைத்திருந்தார். யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொண்டார்.

★ இத்தனைக்கும் கிரெப்பின் ஒரு சண்டைகூடப் படச்சுருளாக நமக்குக் கிடைக்கவில்லை. பயிற்சி செய்யும் சில நிமிடக் காட்சிகள் மட்டுமே உண்டு. அவர் எந்தக் கோணத்தில் குத்தினார், எப்படி நகர்ந்தார் என்பதெல்லாம் பத்திரிகைக்காரர்களின் எழுத்திலிருந்து நாம் கட்டிக்கொள்ளும் சித்திரம். 'கிரெப் – ராபின்சன்' சண்டைக்கு யாராவது உறுதியாக விடை சொன்னால், நான் அவரிடம் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: கிரெப்பை எங்கே பார்த்தீர்கள்?

★ அந்தக் காலத்தில் அமெரிக்காவின் பல மாநிலங்களில் சட்டம் குத்துச்சண்டைக்குத் தீர்ப்பு வழங்கவே அனுமதிக்கவில்லை. யாரும் நாக்-அவுட் ஆகாவிட்டால் அதிகாரபூர்வமாக முடிவே கிடையாது. மறுநாள் செய்தித்தாளில் நிருபர் "இன்னார்தான் ஜெயித்தார்" என்று எழுதுவதை வைத்தே பந்தயப் பணம் கைமாறும். கிரெப்பின் சண்டைகளில் பெரும்பகுதி இப்படிப்பட்டது.

★ கிரெப்பிடமிருந்து 1926 பிப்ரவரியில் பட்டத்தை வென்ற டைகர் ஃப்ளவர்ஸ்தான் முதல் கறுப்பின மிடில்வெயிட் சாம்பியன். அந்த ஆண்டு அக்டோபரில் அறுவை சிகிச்சைக்குப் பின் கிரெப் இறந்தார். மறு ஆண்டு நவம்பரில் ஃப்ளவர்ஸும் ஓர் அறுவை சிகிச்சைக்குப் பின் இறந்தார்.

★ படச்சுருள் என்றதும் நினைவுக்கு வருகிறது: உலகின் முதல் முழுநீளப் படம் என்று பலர் குறிப்பிடுவது ஒரு குத்துச்சண்டைப் பதிவைத்தான். 1897 மார்ச் 17, நெவாடாவின் கார்சன் சிட்டி. ஹெவிவெயிட் சாம்பியன் ஜிம் கார்பெட்டை வயிற்றுக் குழியில் ஒரு குத்தில் மடக்கினார் பாப் ஃபிட்ஸ்சிம்மன்ஸ். பதிவு 100 நிமிடத்துக்கு மேல் ஓடியது. இன்று துண்டுகள்தான் மிச்சம். நியூசிலாந்தில் கொல்லர் வேலை பார்த்து வளர்ந்த ஃபிட்ஸ்சிம்மன்ஸ் 1891-லேயே மிடில்வெயிட் சாம்பியன் ஆனவர். மிடில்வெயிட் பட்டம் வென்ற இன்னொருவர் ஹெவிவெயிட் பட்டத்தையும் தொட 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவர் ராய் ஜோன்ஸ்.

★ கற்பனையே தேவைப்படாத, நடந்தே இருக்கவேண்டிய சண்டைகளும் உண்டு. அல்ஜீரியாவில் பிறந்த பிரெஞ்சு வீரர் மார்செல் செர்தான் 1948-ல் டோனி ஸேலை வென்று சாம்பியன் ஆனார். 1949 ஜூனில் லமோட்டாவோடு மோதியபோது தோள்பட்டை பழுதாகி ஒரு கையோடு போராடித் தோற்றார். மறுசண்டைக்காக அமெரிக்கா கிளம்பிய விமானம் அக்டோபர் 28-ல் அசோர்ஸ் தீவில் மலையில் மோதியது. விமானத்தில் இருந்த 48 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. அவர் பிழைத்து, ஜெயித்து, 1951-ல் ராபின்சனை எதிர்கொண்டிருந்தால்? காலம் தாண்ட வேண்டிய அவசியமே இல்லாத சண்டை அது.

★ சார்லி பர்லி, பிட்ஸ்பர்க். 98 சண்டைகளில் ஒரு முறைகூட யாரும் அவரை நிறுத்தியதில்லை. 1944-ல் ஆர்ச்சி மூரைப் புள்ளிகளில் வென்றார். தான் சந்தித்தவர்களிலேயே சிறந்தவர் பர்லிதான் என்று மூர் பின்னாளில் சொன்னார். ராக்கி மார்சியானோ, முகமது அலி இருவரோடும் வளையத்தில் நின்ற மனிதரின் வாக்கு அது. பர்லிக்கு உலகப் பட்டத்துக்கு ஒரு வாய்ப்பும் தரப்படவில்லை. ராபின்சனும் அவரும் மோதவும் இல்லை. வளையத்தை விட்டபின் பர்லி நகராட்சியில் குப்பை அள்ளும் வேலை பார்த்தார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருகிறது. பட்டியல் போடும் யாரும் இவரை மறக்கக் கூடாது.

★ நைஜீரியாவின் டிக் டைகர் 1963 ஆகஸ்டில் தன் நாட்டின் இபாடான் நகரில், சொந்த மக்கள் முன்னால் ஜீன் ஃபுல்மரை வென்று பட்டத்தைக் காத்தார். பியாஃப்ரா போரின்போது, பிரிட்டன் தனக்கு அளித்த விருதைத் திருப்பி அனுப்பினார்.

★ 'மோன்சோன் – ஹாக்லர்' என்பது ரசிகர்களின் செல்லச் சண்டை. அர்ஜென்டினாவின் கார்லோஸ் மோன்சோன் 1970-ல் ரோமில் நினோ பென்வெனுட்டியை வீழ்த்திப் பட்டம் வென்று, 14 முறை தக்கவைத்து, 1977-ல் சாம்பியனாகவே விலகினார். அவர் கடைசியாகத் தோற்றது 1964-ல். மோன்சோனின் கடைசி ஆண்டுகளில் ஹாக்லர் இன்னும் வளர்ந்துகொண்டிருந்தார். 1976-ல் பிலடெல்பியாவில் பாபி வாட்ஸ், வில்லி மன்ரோ இருவரிடமும் தோற்றுப் பாடம் படித்துக்கொண்டிருந்த நேரம். ஓரிரு ஆண்டு இடைவெளியில் தவறிப்போன சண்டை!

இருவரையும் அளக்க ஒரு பொது எதிரி இருக்கிறார்: பென்னி பிரிஸ்கோ. 1967-ல் மோன்சோனோடு சமன் செய்தார். 1972-ல் பட்டத்துக்காக மோதியபோது ஒன்பதாவது சுற்றில் மோன்சோனைத் தள்ளாடவைத்தார், ஆனால் 15 சுற்று முடிவில் தோற்றார். 1978 ஆகஸ்டில் பிலடெல்பியாவில் ஹாக்லர் அவரைப் பத்துச் சுற்றில் வென்றார். இதை வைத்து "ஹாக்லர்தான் மேல்" என்பவர்கள் உண்டு. மோன்சோன் வென்றது 29 வயது பிரிஸ்கோவை, ஹாக்லர் வென்றது 35 வயது பிரிஸ்கோவை. 15 சுற்று என்றால் என் வாக்கு மோன்சோனுக்கு. உயரம், நீண்ட இடது ஜாப், அவசரமே படாத மனம் இவை மூன்றும் அவரிடம் இருந்தன. மனைவி அலிசியா முனிஸைக் கொன்றதற்காக அவர் சிறை சென்றதையும், 1995-ல் சிறை விடுப்பில் வந்தபோது கார் விபத்தில் இறந்ததையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. இந்த வாக்கு குத்துச்சண்டைக்கு மட்டும்.

★ ராபின்சனுக்கும் கோலோவ்கினுக்கும் நடுவே ஒரு சங்கிலி இருக்கிறது. ஒவ்வொருவரும் அடுத்தவரோடு நிஜமாகவே மோதியவர்கள்: ராபின்சன், 1965-ல் ஜோயி ஆர்ச்சர். ஆர்ச்சர், எமில் கிரிஃபித். கிரிஃபித், மோன்சோன். மோன்சோன், பிரிஸ்கோ. பிரிஸ்கோ, ஹாக்லர். ஹாக்லர், டுரான். டுரான், 1998-ல் வில்லியம் ஜாப்பி. ஜாப்பி, பெர்னார்ட் ஹாப்கின்ஸ். ஹாப்கின்ஸ், ஆஸ்கர் டி லா ஹோயா. டி லா ஹோயா, ஃப்ளாய்ட் மேவெதர். மேவெதர், கனெலோ. கனெலோ, கோலோவ்கின். 1940-ல் தொழிலுக்கு வந்தவரிடம் தொடங்கி 2022 வரை வந்துவிட்டோம்!

★ சங்கிலி இருக்கிறதே என்று அதை வைத்து விடை கண்டுபிடிக்கப் போகாதீர்கள். டுரான் 1980-ல் லெனார்டை வென்றார். லெனார்ட் ஹாக்லரை வென்றார். ஹாக்லர் டுரானை வென்றார். இன்னொரு வட்டம்: 1984-ல் ஹெர்ன்ஸ் டுரானை இரண்டே சுற்றில் சாய்த்தார். 1988-ல் ஐரன் பார்க்லி ஹெர்ன்ஸை மூன்றே சுற்றில் சாய்த்தார். 1989-ல், 37 வயது டுரான் பார்க்லியைப் புள்ளிகளில் வென்று மிடில்வெயிட் பட்டத்தை எடுத்துக்கொண்டார். பாணிதான் சண்டையைத் தீர்மானிக்கிறது.

★ பட்டத்தைத் தொடர்ச்சியாகத் தக்கவைத்த எண்ணிக்கை: ஹாப்கின்ஸ் 20, கோலோவ்கின் 20, மோன்சோன் 14, ஹாக்லர் 12. ராபின்சன் இந்த வரிசையில் எங்கோ கீழே. ஆனால் ராபின்சன் காலத்தில் பெரும்பாலும் ஒரு பிரிவுக்கு ஒரு பட்டம். இன்று நான்கு அமைப்புகள், நான்கு பெல்ட்டுகள். எண்ணிக்கையைக் கொண்டு தரம் பிரிக்காதீர்கள்.

★ பிலடெல்பியா ஹாப்கின்ஸ் ஏறக்குறைய ஐந்து ஆண்டு சிறையில் இருந்து 1988-ல் வெளியே வந்தார். முதல் தொழில்முறைச் சண்டையிலேயே தோற்றார். 2001 செப்டம்பரில், நியூயார்க் கோபுரத் தாக்குதலால் இரண்டு வாரம் தள்ளிப்போன சண்டையில், தோல்வியே அறியாத ஃபெலிக்ஸ் டிரினிடாடை 12-வது சுற்றில் நிறுத்தினார். 46 வயதில் லைட் ஹெவிவெயிட் பட்டம் வென்று, ஜார்ஜ் ஃபோர்மேனின் வயதுச் சாதனையை முறியடித்தார். எந்தக் காலத்து மிடில்வெயிட்டும் ஹாப்கின்ஸோடு மோதினால் அழகாகத் தெரிய மாட்டார். எதிரியின் பலத்தை வேலை செய்யவிடாமல் தடுப்பதே அவர் கலை. கெட்ச்சல் – ஹாப்கின்ஸ் என்றால் பணத்தை ஹாப்கின்ஸ் பக்கம் வையுங்கள்.

★ கடைசியாக, தொடங்கிய கேள்வி. என் சண்டையில் 1951 பிப்ரவரி ராபின்சனும் 1983 நவம்பர் ஹாக்லரும் மோதுகிறார்கள். அன்றே எடை, 8 அவுன்ஸ் கையுறை, சுற்றுக் கணக்கில் தீர்ப்பு. ராபின்சனை நிஜமாகவே திணறவைத்தவர்கள் லமோட்டா, டர்ப்பின், கார்மென் பசிலியோ, ஃபுல்மர் போன்று நெருங்கி நெருக்குபவர்கள். ஹாக்லருக்கு அது முடியும், ஆனால் அவர் எச்சரிக்கையாகவே தொடங்குவார். டுரானிடமும் அப்படி, லெனார்டிடமும் அப்படி. முதல் ஆறு சுற்றில் ராபின்சனின் கைவேகம் நான்கையாவது எடுத்துவிடும். நாக்-அவுட் வராது. ராபின்சனின் இடது ஹூக் 1957-ல் ஃபுல்மரை ஒரே அடியில் தூங்கவைத்தது உண்மை. ஆனால் ஹாக்லரை அவர் வாழ்நாளில் யாரும் நிறுத்தியதில்லை. ஏழாவதிலிருந்து ஹாக்லர் உடம்பில் அடிக்கத் தொடங்குவார், 155 பவுண்டு கால்கள் மெதுவாகக் கனக்கும். 12-வது சுற்று முடியும்போது என் அட்டையில் ராபின்சன் 7, ஹாக்லர் 5. அங்கேயே மணி அடித்துவிட்டால் ராபின்சன் ஜெயித்தார். 15 வரை போனால் கடைசி மூன்றையும் ஹாக்லர் எடுத்துக்கொண்டு 8–7 என்று ஜெயிப்பார்.